சத்தம் போடாத குசினி

எங்கள் ஊர் வாசிகசாலைப் பிள்ளைகள் மலர் ஒன்று வெளியிடுகிறார்களாம். வேலைக்குப் போய் ஓய்ந்த பெண்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுத வேண்டுமாம். ஆசிரியையாக இருந்தவர்கள், தாதியாக இருந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டு முடித்து, கடைசியில் என்னிடமும் வந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கேட்க வந்த பிள்ளையிடம் "ஏலாது" என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சம்மதித்த காரியங்களில் பாதி இப்படிச் சம்மதித்தவைதான். கல்யாணமும் அதில் சேர்த்தி.

எழுத உட்கார்ந்தால் போன மாதம் நடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் பெறாமகள் என்னை மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பரிமாறுகிற பிள்ளை வந்தது, நாங்கள் கேட்டதைப் போனில் அழுத்தியது, போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, கத்தவில்லை. நான் சாப்பாட்டை மறந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சாமான் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு மானம் மிச்சப்பட்டிருக்கும்.

ஏனென்றால் எனக்குக் குரல் இல்லை. ஊமை இல்லை, வெட்கம். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். சண்டைக் காலத்தில் வாவிக்குள் இறங்கத் தடை போட்டு, என் மனுசனின் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தபோது, நான் கடை வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் கலைந்துவிட்டன.

"அந்தக் கோழியக் கூப்பிடவே ஒனக்குச் சத்தம் வராது. நீ கடைக்குப் போய் என்ன செய்யப்போறாய்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று முதல் கடையிலேயே தெரிந்துவிட்டது. அது நகரத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கடை. முன்னால் இருப்பவர்கள் கேட்பதை நான் வாங்கி, பின்னால் சமைப்பவருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் கத்தவில்லை. ஒவ்வொரு மேசைக்கும் குசினிவரை நடந்து போய், சமைக்கிறவரின் காதுக்குள் சொன்னேன். அவருக்கு அது கூச்சமாக இருந்ததோ என்னவோ, என்னைக் கண்டாலே விலகி நின்றார். விலகினால் நான் இன்னும் கிட்டப் போவேன். பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். முதலாளி ஒருநாள் எல்லாருக்கும் முன்னால், வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இல்லை என்று சொல்லவும் எனக்குச் சத்தம் வரவில்லை. அந்தக் கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் களுவாஞ்சிக்குடியில் பாக்கியக்கா கடைக்குப் போனேன். கடைக்கு ஒரு சாமி பெயரில் பலகை இருந்தது. ஆனால் எல்லாருக்கும் அது பாக்கியக்கா கடை. மத்தியானச் சோறு மட்டும்தான். கூடத்தில் நாலு மேசை, பின்னால் குசினி, அதற்குப் பின்னால் தென்னந்தோட்டம். பாக்கியக்கா பெரிய உடம்புக்காரி. மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். சோறு வடிக்கக் கனகக்கா. எனக்கு மூத்தவர், வாய் ஓயாது. கறிக்கு யோகம். என்னைவிட இளையவள், கையும் காலும் பறக்கும். கூடத்தில் பரிமாறத் தருமண்ணன். அவர் மட்டும்தான் ஆண்.

போன முதல் நாள் நான் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, எனக்குக் கத்தத் தெரியா" என்று சொன்னேன். சொன்னதே அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"இஞ்ச ஒருத்தரும் கத்திறல்ல புள்ள. கத்தினா சனம் மேசைக்குக் கீழ போயிரும்" என்றார்.

பகிடி என்று நினைத்தேன். கனகக்கா பிறகு சொன்னார், உண்மைதானாம். நான் வருவதற்கு முன்பு தருமண்ணனும் எல்லாக் கடைக்காரரையும்போலக் கத்தியவர்தான். ஒருநாள் "ரெண்டு மீன்" என்று அவர் கத்தியதும், அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஏதோ வெடித்ததும் ஒன்றாக நடந்திருக்கிறது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மேசைக்கு அடியில். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்களாம். ஒரு மனிதர் மட்டும் சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே வந்தாராம், சொதி ஒரு சொட்டும் சிந்தாமல். அன்றைக்கே பாக்கியக்கா கடையில் கத்துகிற வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பதிலாக அவர் செய்த ஏற்பாடு இது. கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு தலையணை அளவு ஓட்டை. ஓட்டையில் ஒரு பலகை. பலகைக்குப் பக்கத்தில் பிஸ்கற் தகரத்தின் மூடி ஒன்று கட்டித் தொங்கும். தருமண்ணன் கரண்டியால் அதில் தட்டுவார். ஒரு தட்டு மீன் சோறு. இரண்டு தட்டு முட்டைச் சோறு. மூன்று தட்டு மரக்கறிச் சோறு. கரண்டியால் கர்ரென்று ஓர் இழுவை இழுத்தால் பார்சல். உள்ளே நான் கேட்டு, கோப்பையைப் போட்டுப் பலகையில் வைக்க வேண்டும். சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, வலப்பக்கம் பருப்பு, இடப்பக்கம் கீரைச் சுண்டல், மேலே ஒரு கரண்டி சம்பல், முன்னால் மீன். சொதி தனியாகப் போகும். பார்சலென்றால் வாழையிலையை அடுப்பில் வாட்டி, துவண்டதும் எடுத்து, சோற்றை வைத்து நாலு பக்கமும் மடிக்க வேண்டும். இலையை வாட்டாமல் மடித்தால் கீறிவிடும். நான் முதல் கிழமை மடித்தவை எல்லாம் பஸ்ஸுக்குள் போய்க் கீறியிருக்கும். யாருடைய மடியில் கொட்டியதோ.

ஆனால் தட்டுகளை எண்ணுவதில் எனக்குப் பிழைத்ததில்லை, ஒருநாளும் தவறவில்லை. கனகக்கா இரண்டு மீனையும் ஒரு முட்டையையும் எப்போதும் மாறிப் பிடிப்பார். எனக்கு அந்த நடுவில் இருக்கிற சின்ன இடைவெளி நன்றாகக் கேட்கும். வாய் வேலை செய்யாதவர்களுக்குக் காது கொஞ்சம் கூட வேலை செய்யும் போலிருக்கிறது.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் மீன் கறிக்கு இரண்டாம் முறை உப்புப் போட்டுவிட்டேன். யோகம் ஏற்கனவே போட்டிருந்தாள். போட்டாயா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. அவள் இரண்டு முழத்துக்குள்தான் நின்றாள். கேட்க வெட்கம். சந்தேகத்துக்கு நானும் ஒரு கை போட்டேன். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சேர் ஒருவர் முதல் வாயிலேயே கையை உதறிவிட்டு, இதை யார் சமைத்தது என்று கேட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. மறுபடி வீட்டுக்குப் போனால் மனுசன் சிரிக்கிற சிரிப்பு இப்போதே காதுக்குள் கேட்டது.

பாக்கியக்கா எங்களைப் பார்த்து, "வாங்க போவம்" என்றார். அவ்வளவுதான். கனகக்கா சோற்றுக் கிடாரத்தை மூடினார். யோகம் அடுப்பிலிருந்து நெருப்பை இழுத்தாள். மூன்று பேரும் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். தருமண்ணனும் மேசையை விட்டு வந்து எங்களோடு வரிசையில் நின்றார். அவருக்கும் உப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சேர் தன்னைச் சுற்றி நின்ற ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேர், இண்டைக்கு எங்களுக்குப் பிழைச்சிட்டு. வேற கறி தரட்டா?" என்றார் பாக்கியக்கா.

சேர் பாவம், யாரைத் திட்டுவார்? முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு, இல்லையில்லை, உப்புக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பரவாயில்லை என்று சொல்லி முழுவதையும் சாப்பிட்டார். அன்றைக்கு அவர் குடித்த தண்ணீரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

குற்றம் சொல்ல யார் வந்தாலும் அந்தக் கடையில் முழுக் குசினியும் வெளியே வரும். யாருடைய கை என்று வெளியே சொல்வதில்லை. உள்ளேயும் பாக்கியக்கா கேட்பதில்லை. கேட்காமலே அவருக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் தந்தார்.

"உப்புப் போட்டா மூடிக்கு மேல இதக் கவிழ்த்து வை. யோகம் போட்டா அவளும் கவிழ்ப்பாள். கேக்க வெட்கமெண்டாக் கேக்க வேணாம். சிரட்டையப் பாத்தாக் காணும்."

அன்று முதல் எங்கள் சட்டிகள் எல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. ஒருத்தியின் வெட்கத்துக்காக ஒரு குசினியே சிரட்டை கவிழ்த்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் தேங்காய்ப்பால் பிழிகிற சாட்டில் திரும்பி நின்று அழுதேன். பாலில் உப்புக் கூடிவிடுமே என்றும் பயந்தேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பாக்கியக்கா காலை பஸ்ஸில் மட்டக்களப்புக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். மத்தியானச் சனம் இருக்கிற நேரம், ரோந்து போன ஆமிக்காரர் கொஞ்சப் பேர் கடைக்குள் வந்து இருந்தார்கள். அதற்கு முன்பு அவர்கள் எங்கள் கடையில் சாப்பிட்டதில்லை. அவர்களுக்குக் கட்டளை போடுகிற ஒரு பெரியவர். தமிழ் கொஞ்சம் தெரிந்த சார்ஜன் ஒருவர். மற்றச் சனம் சாப்பிட்டும் சாப்பிடாமலும் கை கழுவிக்கொண்டு போய்விட்டது.

தருமண்ணன் அவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போலத் தட்டினார். ஒன்று. ஒன்று. மூன்று. இரண்டு. ஒன்று. பிறகு பார்சலுக்கு நீளமாக ஓர் இழுவை. நான் உள்ளே கோப்பைகளைப் பரப்பிச் சோறு கவிழ்க்கத் தொடங்கினேன். அப்போது கூடத்தில் கதிரைகள் எல்லாம் ஒன்றாக இழுபட்ட சத்தம் கேட்டது.

ஓட்டை வழியாகப் பார்த்தேன். தருமண்ணனின் கையிலிருந்து கரண்டியை ஒருவர் பிடுங்கினார். அடுத்த நிமிடம் தருமண்ணன் முழங்காலில், கை இரண்டும் பிடரியில்.

"யாருக்கு சிக்னல்?" என்று சார்ஜன் கேட்டார். "உள்ள யாரு? சொல்லு."

தருமண்ணன், "அக்கா, அக்கா" என்றார். அவருக்கு வேறு சொல் வரவில்லை. எந்த அக்கா என்று கேட்டார்கள். அதற்கும் அக்கா என்றார். அந்த நாட்களில் இப்படிக் கொண்டுபோனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், தருமண்ணனுக்கும் தெரியும். அவருக்கு வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

உள்ளே கனகக்கா என் கையைப் பிடித்து, பின்பக்கத்தால் தோட்டத்துக்குள் போய்விடுவோம் என்று கண்ணால் காட்டினார். பின்கதவு திறந்துதான் கிடந்தது. நான் துணிந்து முன்னால் போனேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மலரைத் தருமண்ணனின் பிள்ளைகளும் வாசிப்பார்கள். உண்மை என்னவென்றால், கூடத்தில் குழப்பம் என்றால் முன்னால் போவதற்கு எங்கள் கால் பழகிப் போயிருந்தது. யோகம் நெருப்பை இழுத்தாள். கனகக்கா என் கையை விட்டுவிட்டுக் கிடாரத்தை மூடினார். மூன்று பேரும் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே போய், தருமண்ணனுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றோம்.

துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. பெரியவர் எங்களைப் பார்த்தார். சார்ஜனும் பார்த்தார். யாராவது பேச வேண்டும். எப்போதும் பேசுகிற பாக்கியக்கா இல்லை. நாள் முழுக்கப் பேசுகிற கனகக்கா வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு அழுதார். யோகம் நிலத்தைப் பார்த்தாள்.

என் வாய் திறந்தது. அதற்குத் தெரிந்த வசனம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னது.

"ஐயா, இண்டைக்கு எங்களுக்குப் பிழைச்சிட்டு."

இரண்டு வருடமாகக் கூடத்தில் ஒரு வார்த்தை பேசாதவள், பேசக்கூடாத நேரத்தில் பேசக்கூடாததைப் பேசினேன். சார்ஜன் அதைச் சிங்களத்தில் பெரியவருக்குச் சொன்னார். பெரியவரின் முகம் மாறியது. ஒருவர் தருமண்ணனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று என்று அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"என்ன பிழை செய்தது? சொல்லு அம்மா" என்றார் சார்ஜன்.

"தெரியா ஐயா" என்றேன். "நீங்கதான் சொல்லோணும். உப்புக் கூடவா, உறைப்புக் கூடவா?"

சார்ஜன் இதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேச்சு எனக்குச் சரிவராது என்று கண்டு, மேசையில் கிடந்த கரண்டியைக் காட்டி, எடுக்கட்டா என்று கையால் கேட்டேன். தலையை ஆட்டினார். எடுத்துக்கொண்டு போய்த் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். எல்லாரும் ஓட்டையைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். வரவில்லை. எப்படி வரும்? கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் என் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"உள்ள போங்க" என்று யோகத்தையும் கனகக்காவையும் பார்த்துச் சொன்னேன். போனார்கள். ஒரு தட்டுத் தட்டினேன். பலகையில் மீன் சோறு வந்தது. மூன்று தட்டினேன். மரக்கறிச் சோறு வந்தது. சார்ஜன் பெரியவருக்கு ஏதோ சொன்னார். பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. எழும்பி வந்து கரண்டியை என்னிடம் வாங்கி, தானே தட்டினார். நாலைந்து தட்டு, ஓர் இழுவை, மறுபடி இரண்டு தட்டு, இன்னும் ஓர் இழுவை. தட்டிவிட்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பயத்தில் யோகம் ஏதாவது ஒரு கோப்பையைத் தள்ளிவிட்டாலும் போதும், நான் காட்டியதெல்லாம் நாடகம் என்று முடிவாகிவிடும்.

அப்போது குசினிக் கதவு திறந்தது. கனகக்காவும் யோகமும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள்.

பெரியவர் சார்ஜனைக் கேட்டார். சார்ஜன் என்னைக் கேட்டார். "இப்ப என்ன பிழை?"

"ஐயா தட்டினது எங்கட கடையில இல்ல" என்றேன்.

நான் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. ரோட்டிலும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நான் சொன்னதாகவே தெரியவில்லை, வேறு யாரோ பின்னால் நின்று சொன்னதுபோல இருந்தது. சார்ஜனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரியவர் சிரிக்கவில்லை. கரண்டியைப் பலகையில் வைத்துவிட்டுப் போய் இருந்தார். சாப்பாட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அவர்கள் சாப்பிட்டு எழும்பும்வரைக்கும் தருமண்ணன் முழங்காலில்தான் இருந்தார். அவரைச் சுற்றிச் சுற்றித்தான் நாங்கள் பரிமாறினோம். நான் ஊற்றிய சொதியில் பாதி கோப்பைக்குள் போனது, பாதி என் சீலையில். போகும்போது சார்ஜன், "நாளைக்குத் தட்ட வேணாம், வாயால சொல்லு" என்று சொன்னார். பிறகு தருமண்ணனை எழும்பச் சொன்னார். தருமண்ணனால் எழும்ப முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் தூக்கினோம்.

பின்னேரம் பாக்கியக்கா வந்து எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் புகழவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ஒருவரும் சாப்பிடவில்லை. தானே சோறு போட்டு, எங்களை இருக்க வைத்துத் தந்தார்.

தருமண்ணன் அடுத்த நாளும் வேலைக்கு வந்தார். ஆனால் கூடத்துக்குள் கால் வைக்க அவரால் முடியவில்லை. ஒரு கதிரை இழுபட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார். பாக்கியக்கா ஒன்றும் தெரியாதவர்போல, "தருமு, எனக்குக் கை உளையிது. இனி நீ தேங்காய் திருவு" என்று திருவலையை அவர் பக்கம் தள்ளினார். பாக்கியக்காவின் கைக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அந்தக் கடையில் தூண் இல்லை.

"அக்கா, எனக்குச் சத்தம் வராது."

"ஆமிக்காரனுக்கு வந்திச்சே."

"அது பயத்தில வந்தது."

"இதையும் பயத்தோடயே சொல்லு புள்ள. ஆரு வேணாமெண்டது."

பயத்தோடேயே சொன்னேன். ஒவ்வொரு மேசையாகக் கேட்டு, ஓட்டைக்குள் முகத்தை வைத்து, "ரெண்டு மீன், ஒரு முட்டை" என்று என் காற்றுக் குரலில் சொல்வேன். உள்ளே இருந்து கனகக்கா "என்ன?" என்பார். மறுபடி சொல்வேன். மறுபடி "என்ன?" முதல் நாள் ஒரு லொறிக்காரர் பொறுக்க முடியாமல் தன் சாப்பாட்டைத் தானே ஓட்டைக்குள் சொல்லிவிட்டுப் போய் இருந்தார். சத்தம் வளரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வளரவில்லை. அந்த வேலையில் நான் இருந்த வருடங்கள் முழுவதும் அது அப்படியேதான் இருந்தது.

ஆனால் கூடம் மாறியது. நான் ஓட்டைப் பக்கம் நடக்கத் தொடங்கினால், மேசையில் இருப்பவர்கள் கதையை நிறுத்துவார்கள். புதிதாக வந்தவர் யாராவது பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருப்பவர், "கொஞ்சம் பொறு, கண்மணி சொல்லட்டும்" என்பார். பெரிய பெரிய மனிதர்கள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மெல்லாமல் இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் இத்தனை பேரை வாய் மூட வைத்த ஆள் கோயில் ஐயருக்கு அடுத்தபடி நான்தான்.

உள்ளே திருவலைச் சத்தமும் நின்றுவிடும். நான் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தால், தருமண்ணன் பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடி, தலையைச் சரித்துக் காத்துக்கொண்டிருப்பார். நான் சொல்லி முடித்து, கனகக்கா "ஓம்" என்ற பிறகுதான் மறுபடி திருவத் தொடங்குவார்.